கேலிமுறைக்காரனின் புத்தகப் பெட்டி

சுவா
4 மார்ச் 1998

நண்டு தின்னி நர்ஸம்மா வசிதிக்கு,

புலா, வணக்கம்! எழுதுறது எசாலா. மறந்திருக்க மாட்ட. மருத்துவக் கல்லூரி நூலகத்துல பின்கட்டு அறையில உக்காந்து, தீவுகள்ல இருந்து படிக்கிற உங்களுக்கெல்லாம் புத்தகப் பெட்டி கட்டி, வண்டியில ஏத்தி, கப்பல் துறையில சேக்குறவன். அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்ன விட்டுடுச்சு. நான் விடல, அதுதான் விட்டுச்சு.

ஜனவரியில நீ பொதுச் சுகாதார மேல்படிப்புக்குப் பேர் குடுக்க வந்தப்ப, ‘எந்த ஊரும்மா?’ன்னு கேட்டேன். ‘நயாலேவு’ன்ன. அன்னிக்கே எனக்கு விடுதலை கெடச்சிடுச்சு. எங்க வைதொங்கோவும் உங்க நயாலேவும் ஒரே மூதாதை பெத்த ரெண்டு பிள்ளைங்க. தௌவு முறை. உன்ன நான் என்ன வேணா சொல்லலாம். உன் வீட்ல பூந்து பானையத் தூக்கிட்டு வரலாம். அது திருட்டில்ல. நீ கோவிக்கப்படாது, நீயும் எனக்கு அப்படியே செய்யலாம். ‘மன்னிச்சிடு’ங்கற வார்த்தையே நமக்குள்ள கெடையாது. இந்த நூலகத்துல இருவது வருஷமா ‘சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க’ன்னு அடக்கி வச்சிருந்த வாய்க்கு நீ ஒருத்திதான் வடிகால்.

மொதப் பெட்டி இதோட வருது. மூணு வாரத்துக்கு ஒரு கப்பல், ஒரு கப்பலுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு அஞ்சு புத்தகம். கட்டுரை வேணும்னா நகல் எடுத்து வைப்பாங்க. பழைய மாணவங்க எழுதின ஆய்வேடு மட்டும் பூட்டுன அறைய விட்டு வெளிய வராது. எந்தப் பக்கம் வேணும்னு எழுது, அந்தப் பக்கம் மட்டும் வரும். என்ன தேடணும்னு தெரியலன்னா நூலகர் வமரசி அம்மாவுக்கு எழுது. தலைவலிக்குது, இதுக்கு என்ன மாத்திரைன்னு கேக்குற மாதிரி கேட்டாப் போதும், அவங்க தேடிக் குடுப்பாங்க.

நூலக முத்திரை குத்தி ஒரு அறிவிப்பும் வச்சிருக்கேன். பயபக்தியோட படி.

உன் வீட்டுப் பானைமேல கண்ணா இருக்கிற
எசாலா


நயாலேவு
27 மார்ச் 1998

சேற்றில் ஊறிய கிழட்டு ஆமைக்கு,

உன் அறிவிப்பைப் படித்தேன். ‘மேற்படி புத்தகத்தின் நாற்பதாம் பக்கத்தில் உள்ளதெல்லாம் பொய் எனத் தெரியவந்துள்ளதால், மாணவி அப்பக்கத்தைக் கிழித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்து உண்ணுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.’ கீழே சிவப்பு முத்திரை. முதல் வரி முடிந்ததுமே நாற்பதாம் பக்கத்தை எடுத்து நான்கு தடவை படித்த பிறகுதான் இரண்டாவது வரிக்கே வந்தேன். என் பெரியம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ‘அந்தக் கிழவன் இங்க வந்தான்னா, இடுப்புல கட்டியிருக்கிற சுலு வேட்டிய உருவிக்கிட்டு அனுப்புறேன்’ என்கிறாள்.

இப்போது கொஞ்சம் காதைக் கொடு.

ஜனவரிப் புயலுக்குப் பிறகு இங்கே காய்ச்சல் நிற்கவில்லை. டைபாய்டுதான். ஊருக்கு ஒரே கிணறு. புயல் வெள்ளம் கழிப்பறைக் குழிகளை எல்லாம் கிணற்றோடு சேர்த்துக் கலக்கிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறேன். புயல் சாய்த்த மரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை, அடுப்பே பற்றுவதில்லை, இதில் குடிதண்ணீர் வேறு எங்கே காய்ச்சுவது? எனக்கே வாய் கூசுகிறது.

என் ஆய்வுக்கு இந்தக் கிணற்றையே எடுத்துக்கொண்டேன். படிப்பு இருக்கட்டும்; மழைக்காலம் திரும்புவதற்குள் இந்தக் காய்ச்சலை நிறுத்தியாக வேண்டும். ஊர்த்தலைவர் நைபுகா என் பேச்சைக் கேட்கிறார். அவருடைய பேரன் இலிசோனி என் மருந்தறை வாசலிலேயே குடியிருக்கிறான், எடை பார்க்கும் தராசில் ஏறி ஏறி இறங்குவதற்காக.

வமரசி அம்மாவிடம் இதைச் சொல்: வெள்ளத்தில் கெட்டுப்போன கிணற்றைக் குளோரின் தூள் போட்டு எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு தூள், எத்தனை நாளைக்கு ஒருமுறை. எங்கள் நிலையத்தில் தூள் ஒரு டின் இருக்கிறது. அளவுதான் தெரியாது. ரேடியோவும் புயலோடு போய்விட்டது, கேட்பதற்கு ஆள் இல்லை. உங்கள் பெட்டிதான்.

வசிதி


சுவா
16 ஏப்ரல் 1998

அடியே வசிதி,

உன் கடுதாசிய வமரசி அம்மாகிட்ட அப்படியே குடுத்தேன். ‘சேற்றில் ஊறிய கிழட்டு ஆமை’ன்னு சத்தமா வாசிச்சாங்க. நூலகமே திரும்பிப் பாத்துச்சு. மொத தடவையா அவங்கள ‘சத்தம் போடாதீங்க’ன்னு நான் சொன்னேன். இந்த ஒரு சந்தோஷத்துக்காகவே உனக்கு அஞ்சு புத்தகம் என்ன, அம்பது புத்தகம் அனுப்பலாம்.

அவங்க தேடுற அழக நீ பாக்கணும். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு வெள்ளித் தட்டப் போடுறாங்க. உலகத்துல வைத்தியத்தப் பத்தி எவன் என்ன எழுதினாலும் அந்தத் தட்டுல தலைப்பு இருக்குதாம். ‘கிணறு’ன்னு தட்டுனாங்க, ஆயிரக்கணக்குல கொட்டுச்சு. ‘குளோரின்’ன்னு சேத்தாங்க, கொறஞ்சுது. ‘வெள்ளம்’ன்னு சேத்தாங்க, ஒரு கை அளவுக்கு வந்து நின்னுச்சு. வலைய வீசி, கல்லு, பாசி எல்லாம் உதறிட்டு மீன மட்டும் எடுக்குற மாதிரி. அதுல ரெண்டு நம்மகிட்ட இல்ல. ஆஸ்திரேலியாவுல ஒரு நூலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினாங்க, மறுநாளே அந்தப் பக்கம்லாம் இந்தப் பக்கம் வந்து விழுந்துச்சு. நான் கேட்டேன், ‘ஏம்மா, இப்படியே ஒரு ஆட்டுக்கறித் துண்டு கேட்டா அனுப்புவாங்களா?’

கட்டுரை நாலு, நகலா வச்சிருக்கேன். அதவிட முக்கியம், பச்சை அட்டை போட்ட ஒரு கைப்புத்தகம். கிணறு, குளம், தொட்டி எல்லாத்துக்கும் குளோரின் தூள் அளவு அட்டவணையா போட்டிருக்காம். ‘வயல் வேலைக்காரங்களுக்கே புரியும்படி எழுதினது’ன்னாங்க. அப்ப உனக்கும் கொஞ்சம் புரியும்.

பெட்டியில நீ தேடுனாலும் கெடைக்காத ஒண்ணு இருக்கு: போன தடவ நீ வமரசி அம்மாவுக்கு அனுப்பின கருவாடு. அது அவங்களுக்குப் போய்ச் சேரல. நயாலேவுக் கருவாடு வைதொங்கோக்காரன் கை வழியா போகுதுன்னா, போற வழிதான் அதுக்கு முடிவு.

அந்தப் பொடிப்பய இலிசோனிகிட்ட சொல்லு, தராசுல நின்னா எடை கூடாது, சாப்பிட்டாத்தான் கூடும்னு. அவனும் எனக்கு முறைக்காரன்தான். அவன் பட்டம், பம்பரம் எதுவும் என் கையில இருந்து தப்பாது.

எசாலா


நயாலேவு
12 மே 1998

கருவாட்டுத் திருடனுக்கு,

உனக்கு வயிறு வலிக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேண்டிக்கொண்டேன். பாதிரியார் ‘ஆமென்’ சொன்னார்.

பச்சை அட்டைப் புத்தகம் தங்கம். கிணற்றின் வாயளந்து, ஆழமளந்து, அட்டவணையில் விரல் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு குறைவான தூள் போதுமாக இருக்கிறது! இந்த ஒரு டின் வருடக் கணக்கில் வரும்.

முதலில் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் பெரியவர்கள், ‘தண்ணி நாறும். ஆஸ்பத்திரித் தரை மாதிரி அடிக்கும். அதுல யங்கோனா வேரக் கரைச்சா எவன் குடிப்பான்?’ என்றார்கள். நைபுகா எழுந்தார். ‘மொத கோப்பைய நான் குடிக்கிறேன். நாறுச்சுன்னா வசிதி தலையில ஊத்துறேன்’ என்றார். தூளைக் கரைத்து ஊற்றினோம். ஒரு இரவு விட்டோம். காலையில் அவர் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். நாற்றமும் இல்லை, ருசி மாற்றமும் இல்லை! அன்றைக்கே ஊர் முழுக்கக் குடித்தது. பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள், தண்ணீர் காய்ச்சும் வேலை ஒழிந்ததே என்று.

வாரம் ஒருமுறை நானே அளந்து போடுகிறேன். அட்டவணையை அட்டையில் பெரிதாக எழுதிக் கிணற்றடியில் ஆணி அடித்திருக்கிறேன். இலிசோனிதான் டின்னின் மூடியைப் பிடித்துக்கொள்வான். வேறு யாரையும் தொட விடமாட்டான்.

வமரசி அம்மாவுக்கு என் வணக்கம். இந்த முறை கருவாட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கப்பல் கேப்டன் கையில் நேராகக் கொடுத்திருக்கிறேன். இப்போது என்ன செய்வாய்?

வசிதி


சுவா
3 ஜூன் 1998

வெற்றி வீராங்கனை வசிதிக்கு,

கேப்டன் எனக்குச் சித்தப்பா மகன். கருவாடு அருமை.

உன் கடுதாசிய நாங்க எல்லாரும் கைமாத்திக் கைமாத்திப் படிச்சோம். நைபுகா குடிச்ச எடத்துல வமரசி அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க. நான் தொடைக்கல. நயாலேவுக்காரன் தண்ணி குடிச்சதுக்கெல்லாம் வைதொங்கோக்காரன் அழுதா எங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்?

இந்தப் பெட்டியில நீ கேட்ட மூணு புத்தகம், பழைய ஆய்வேடு ஒண்ணுல இருந்து நகல், அப்புறம் உனக்காக ஒரு சீப்பு. போன தடவ பாத்தப்ப உன் தல தேங்கா மட்டை மாதிரி இருந்துச்சு.

இப்ப நூலக அறிவிப்பு. எழுந்து நின்னு படி.

‘பச்சை அட்டைப் புத்தகத்துல தூள் அளவு அட்டவணை தப்பு. புள்ளி ஒரு எடம் தள்ளி விழுந்துடுச்சு. அதுல போட்டிருக்கறதப் போல பத்து மடங்கு போடணும். அச்சடிச்சவங்களே திருத்தம் அனுப்பியிருக்காங்க. இதனால் சகலமான நண்டு தின்னிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், பழைய அளவ நம்பாதீங்க.’

நீ நம்ப மாட்ட, எனக்குத் தெரியும். ஆனா இது நெசம். என் தலமேல அடிச்சுச் சத்தியம். முத்திரையும் குத்திட்டேன், பாரு. இதுக்கு மேல என்ன பண்றது, உன் தேங்கா மட்டைத் தலையில குத்தவா?

எசாலா


நயாலேவு
25 ஜூன் 1998

முத்திரை மன்னனுக்கு,

இந்த முறை ஏமாறவில்லை. சீப்புக்கு அடுத்த பத்தியிலேயே அறிவிப்பு வந்ததும் புரிந்துவிட்டது. ‘பத்து மடங்கு’! போட்டிருந்தால் ஊரே என்னைக் கிணற்றில் தள்ளியிருக்கும். அதைப் பார்க்கத்தானே ஆசை உனக்கு? கிணற்றடியில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கனீசி, அதுதான் இலிசோனியின் அம்மா, சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். ‘அந்தக் கிழவனையே பத்து மடங்கா பிடிச்சுக் கிணத்துல போடு, ஊர்க் காய்ச்சலே ஓடிடும்’ என்றாள்.

காய்ச்சல் மட்டும் இன்னும் முழுக்க ஓடவில்லை. இந்த மாதம் புதிதாக மூன்று பேர். மேலத்தெருவில் ஈக்கள் அதிகம். அதனால் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பெட்டியில் ஈக்களைப் பற்றி ஏதாவது இருந்தால் வை.

சீப்பு உடைந்துவிட்டது. மலிவுச் சரக்கு.

வசிதி


சுவா
6 ஜூலை 1998

வசிதி,

இது வெளையாட்டில்ல. அட்டவணை தப்புதான். பத்து மடங்கு. அத நான் கேலிக்கு எழுதல.

இதோட வமரசி அம்மா அவங்க கைப்பட எழுதின கடுதாசி இருக்கு. அச்சடிச்ச திருத்தத் தாளோட நகல் இருக்கு. என்ன நம்பாட்டியும் அவங்கள நம்பு. கேப்டன்கிட்டயும் வாயால சொல்லியிருக்கேன், கரையில கால் வச்சதும் மொதல்ல உன் வீட்டுக்கு வந்து சொல்லணும், சரக்கு அப்புறம் எறக்கிக்கலாம்னு. எல்லாரும் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. இன்னிக்கே.

கப்பல் இன்னும் கௌம்பல. நான் துறையிலயேதான் நிக்கிறேன்.

எசாலா


நயாலேவு
24 ஜூலை 1998

திரு. எசாலா அவர்களுக்கு,

கேப்டன் வந்து சொன்னார். வமரசி அம்மாவின் கடிதமும் திருத்தத் தாளும் கிடைத்தன. அன்றைக்கே சரியான அளவு தூள் போட்டோம். கிணற்றடி அட்டையைக் கழற்றிவிட்டேன். எல்லோரும் காய்ச்சிக் குடிக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் மூவர் தேறி வருகிறார்கள்.

கப்பல் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இலிசோனி இறந்துவிட்டான். டைபாய்டு அவன் குடலில் ஓட்டை போட்டிருக்க வேண்டும். என்னிடம் இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். அறுவை செய்ய வேண்டிய குழந்தையை வைத்துக்கொண்டு, ரேடியோ இல்லாமல், படகு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

‘இந்தத் தண்ணீர் நல்லது, காய்ச்ச வேண்டாம்’ என்று அவன் அம்மாவிடம் சொன்னது நான்.

படிப்பிலிருந்து விலகுவதாகக் கல்லூரிக்கு எழுதியிருக்கிறேன். புத்தகங்கள் எல்லாம் இந்தப் பெட்டியில் திரும்பி வருகின்றன. இனி எனக்குப் பெட்டி அனுப்ப வேண்டாம்.

வசிதி


சுவா
12 ஆகஸ்ட் 1998

மதிப்புக்குரிய நர்ஸ் வசிதி அம்மாவுக்கு,

எசாலா வணக்கமா எழுதிக்கறது.

ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். ஜூன் மாசம் அந்தத் திருத்தத் தாள் வந்த அன்னிக்கே வமரசி அம்மா நகல் எடுத்து என் கையில குடுத்தாங்க. ‘இத அப்படியே பெட்டிக்கு மேல வைங்க எசாலா, நீங்க ஒண்ணும் சேக்க வேணாம்’னாங்க. நான் வைக்கல. அச்சடிச்ச தாளப் பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வராதேன்னு நெனச்சேன். அதனால நானே எழுதினேன். நம்பாதீங்கன்னு சொல்றதையும் நம்புங்கன்னு சொல்றதையும் ஒரே வாயால சொன்னேன். அந்த முத்திரைய நான் வெளையாட்டுக்கே குத்திக் குத்தி, அதுல இருந்த நம்பிக்கையெல்லாம் தீத்துட்டேன். உங்க மேல தப்பில்ல.

வமரசி அம்மாகிட்ட சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. ‘நானே வச்சிருக்கணும்’னாங்க.

எங்க ஊர்ப் பெரியவங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஒரு திமிங்கலப் பல் குடுத்திருக்காங்க, பழசு, நல்லது. அதக் காணிக்கையா எடுத்துக்கிட்டு நயாலேவுக்கு வந்து, தலைவர் வீட்டு வாசல்ல மண்டி போட்டு, முறைப்படி மன்னிப்புக் கேக்க விரும்புறேன். அவர் வான்னு சொன்னா வர்றேன். வராதன்னு சொன்னா அதுவும் சரிதான். தலைவர்கிட்ட கேட்டு எழுதுவீங்களா?

அந்தக் குழந்தைய நான் பாத்ததே இல்ல.

எசாலா


நயாலேவு
4 செப்டம்பர் 1998

எசாலா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நைபுகா வீட்டில் வாசித்தேன். முழுக்க வாசித்தேன். எதையும் விடவில்லை. அக்கனீசி அடுப்படியில் இருந்தாள். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

“பல்லா? யார் கொண்டாறான்னு இன்னொரு தடவ சொல்லு” என்றார் நைபுகா.

“சுவாவுல இருக்கிற எசாலா. வைதொங்கோக்காரர்.”

“வைதொங்கோன்னா நமக்குத் தௌவு இல்ல?”

“ஆமா.”

பாயின் ஓரத்தைத் தடவினார். “தௌவு பல்லத் தூக்கிட்டு வந்து மண்டி போட்டா, அது மன்னிப்புக் கேக்கறதில்லம்மா. முறைய அறுக்கறது. அப்புறம் நானும் அவனும் வெறும் ரெண்டு கெழவனுங்க. பேரனும் போனான், முறையும் போகணுமா?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“எழுது அவனுக்கு. அக்டோபர் கடைசியில நூறாம் நாள் வருது. துக்கம் கழிக்கணும். அன்னிக்குத் தௌவு வந்து கூத்தடிச்சு, பானைய உருட்டி, சாவு வீட்டச் சிரிக்க வைக்கணும். அதுதான அவன் வேல? அடக்கத்துக்கும் ஒருத்தனும் வரல. வெறுங்கையோட வரச் சொல்லு. வந்து வேலையப் பாக்கட்டும்.”

“அவரால முடியுமா தாத்தா?”

“முடியாதுதான். வரச் சொல்லு.”

அக்கனீசி கரியை ஊதிக்கொண்டே இருந்தாள். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் போனதிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை.

உங்கள் பங்கை நீங்கள் சொன்னீர்கள், என் பங்கை நான் சொல்கிறேன். குளோரின் போட்ட தண்ணீர் கொஞ்சமாவது மணக்க வேண்டும். மணக்கவில்லை என்றால் போதவில்லை என்று அர்த்தம். நீங்கள் அனுப்பிய நான்கு கட்டுரைகளில் இரண்டிலேயே அது இருந்தது. படித்து, கீழே கோடும் போட்டிருந்தேன். ஊர்க்காரர்கள் நாற்றத்துக்குப் பயந்தார்கள், நாற்றம் வரவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததால் யோசிக்கவில்லை. இதை எந்தத் திருத்தத் தாளும் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

வா, கிழவா. தனியாகக் கிடந்து சாகாதே.

வசிதி


சுவா
10 நவம்பர் 1998

அடியே வசிதி,

நீ கூட இருப்பன்னு நம்பித்தான் வந்தேன். கரையில கை குடுத்து எறக்கிவிட்டுட்டு, அடுத்த ஊர்ல பிரசவம்னு பையத் தூக்கிட்டு ஓடிட்ட. நீ திரும்பறதுக்குள்ள கப்பல் கௌம்பிடுச்சு. அதனால நடந்தத நீ என் வாயாலயே கேட்டுக்க. ஊர்ல வேற மாதிரி சொன்னா, அவங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கும்.

எங்க ஊர்ல இருந்து நாங்க நாலு பேரு வந்தோம்ல. மத்த மூணு பேரும் நல்லா செஞ்சாங்க. ஒருத்தன் பொம்பள கவுன் போட்டுக்கிட்டு உங்க பாதிரியார் மடியில போய் உக்காந்தான். ஒருத்தன் மாட்டிறைச்சி டின்ன லவட்டிக்கிட்டு ஓட, உங்க பெரியம்மா தொடப்பத்தோட தொரத்துனாங்க. ஊரு சிரிச்சுது. நானும் கப்பல்ல வர்றப்ப நாலஞ்சு யோசிச்சு வச்சிருந்தேன். ஒரு மூங்கில்ல பெருசா ஊசி மாதிரி செஞ்சுகூட எடுத்துட்டு வந்தேன், நர்ஸ் வேஷம் கட்டலாம்னு. கரை தெரிஞ்சதும் கடல்ல போட்டுட்டேன். எந்த வீட்டுக்குப் போறோம்னு அப்பத்தான் புத்தியில ஏறுச்சு.

என் முறை வந்துது. நடுப் பாயில போய் நின்னேன். நைபுகா, ‘ம்’னாரு. வாயத் தொறந்தேன். ஒண்ணும் வரல. இந்த வாய்க்கு அறுவத்தெட்டு வயசு வசிதி, ஒருநாளும் அது என்னக் கேட்டுப் பேசினதில்ல. அன்னிக்கு நானே கெஞ்சுறேன், பேசமாட்டேங்குது. சிரிப்பெல்லாம் அடங்கிப்போச்சு. எல்லாரும் பாயப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் அழ ஆரம்பிச்சிட்டேன். சாவு வீட்ல சிரிக்க வைக்க வந்தவன் ஓன்னு அழுதா அதவிட மரியாதகேடு உண்டா? மூணு பேரும் என்ன இழுத்து உக்கார வைக்கப் பாத்தாங்க.

அப்பத்தான் அக்கனீசி எந்திரிச்சா.

நேரா வந்து முன்னால நின்னா. என் தொப்பியத் தூக்கித் தன் தலையில வச்சுக்கிட்டா. “இது எங்களது” அப்படின்னா. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கு, அவ பேசி மூணு மாசம் ஆச்சே.

“எடுத்துக்கம்மா” ன்னேன்.

“ஒன்னக் கேக்கல.” கைக்கடிகாரத்தக் கழட்டுனா. சட்டையப் புடிச்சா. “கழட்டு, கெழட்டு ஆம.” பொத்தான் அவிழ்க்கக்கூட விடல, ரெண்டு தெறிச்சுப் போச்சு. செருப்பு. மூக்குக் கண்ணாடி. கைக்குட்டை. ஒவ்வொண்ணா எடுத்துப் பின்னால நின்ன பொம்பளைங்க கையில குடுக்குறா. அவங்களுக்கும் சூடு புடிச்சிடுச்சு. “பையில பாருடி, புகையில வச்சிருப்பான்!” “அந்த சுலுவையும் உருவு!” “வேணாம்டி, அதுக்குள்ள இருக்கறதப் பாத்தா ராத்திரி தூக்கம் வராது!” உங்க பெரியம்மாதான் இதச் சொன்னது, யாரு சொன்னான்னு நீ கேக்கவே வேணாம். ஊரு விழுந்து விழுந்து சிரிக்குது. நான் இடுப்புல ஒரு துணியோட, உரிச்ச கோழியாட்டம் நடுவுல நிக்கிறேன்.

எல்லாம் எடுத்தாச்சு. அக்கனீசி நவுரல. என் மொகத்துக்கு நேரா நின்னு, “இன்னும் குடு” ன்னா.

“ஒண்ணும் இல்லம்மா.”

“எனக்கு இன்னும் வேணும். வேற என்ன இருக்கு ஒங்கிட்ட?”

“ஒண்ணுமே இல்லம்மா. எல்லாத்தையும் நீ எடுத்துட்ட.”

என் நெஞ்சுல ரெண்டு கையாலயும் ஓங்கி அடிச்சா. ஒரு தடவ. அப்புறம் அங்கயே கை வச்சுக்கிட்டு நின்னா. நைபுகா கண்ண மூடிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் சோறு போட்டாங்க. சேப்பங்கெழங்கு, மீனு, தேங்காப்பால். அவளே பரிமாறுனா, என் தொப்பியோட. எனக்கு ரெண்டு தடவ வச்சா. ‘தின்னு, போறப்ப அந்த வயிறும் எங்களதுதான்’ னா.

இப்ப நூலகச் சமாச்சாரம். வமரசி அம்மா அந்தப் பச்சைப் புத்தகம் வச்சிருக்கிற மத்தத் தீவு நூலகத்துக்கெல்லாம் ஃபேக்ஸ் அனுப்பியிருக்காங்க. ரெண்டு எடத்துல இருந்து பதில் வந்துது, எங்ககிட்டயும் அதே அட்டவணைதான் இருக்கு, திருத்தம் எங்களுக்கு வந்து சேரவே இல்லைன்னு. ‘தாளு மட்டும் போனா ஷெல்ஃபுல தூங்கும். என்ன நடந்துச்சுன்னு வசிதி எழுதணும். மணம் வரலன்னா சந்தேகப்படுங்கன்னு அவதான் எழுத முடியும்’னாங்க. நீ விலகுறேன்னு எழுதின கடுதாசி கல்லூரி ஆபீஸ்ல எவனும் பிரிக்காமயே கெடந்துது. எந்தக் கடுதாசிய ஆபீஸ்ல பிரிப்பாங்க, எத பிரிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அது என் வண்டியில இப்ப இருக்கு. தௌவு சொத்து, எடுத்துட்டேன். வேணும்னா மறுபடி எழுது, மறுபடி எடுப்பேன்.

நீ கேக்காமயே இந்தக் கப்பல்ல பெட்டி வருது. இனிமே நூலகம் சொல்றது எல்லாம் வமரசி அம்மா கையால ஒட்டின வெள்ளை உறையில வரும். அத நான் தொட மாட்டேன். முத்திரைப் பெட்டியோட சாவிய நானே அவங்ககிட்ட குடுத்துட்டேன். என் கடுதாசி தனியா, மஞ்சள் உறையில. அதுல ஒரு வார்த்தகூட நம்பாத.

அக்கனீசிகிட்ட ஒண்ணு சொல்லணும்னு திரும்புற கப்பல்ல நெனச்சுக்கிட்டே வந்தேன். எழுத வரல. கரையில படகு ஏறுறப்ப அவ அந்தத் தொப்பியோட தென்னமரத்துக்குக் கீழ நின்னா. கண்ணாடி அவகிட்ட இருக்கு, எனக்கு மொகம் சரியாத் தெரியல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. சிரிப்பா, அழுகையான்னு கூட வந்தவங்ககிட்ட நான் கேக்கல. அவளுக்கு எது வேணுமோ அதுவா இருக்கட்டும்னு, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துட்டேன்.

எசாலா